மின்முனை இல்லாத கலத்தின் மின்னழுத்தம்

மின்னழுத்தத்தை அளக்க இரண்டு முனைகள் வேண்டும் என்பது பள்ளி ஆய்வகத்தில் ஒருமுறையேனும் வோல்ட் மீட்டரைக் கையாண்ட எவருக்கும் தெரிந்த செய்தி. டார்ச் விளக்கின் பேட்டரியானாலும் வாகனத்தின் பேட்டரியானாலும், சிவப்புக் கம்பி ஒரு முனையிலும் கறுப்புக் கம்பி மறுமுனையிலும் பட்டால்தான் கருவியில் எண் தோன்றும். சிலிக்கான் சூரிய மின்கலங்கள் உருவாகும் தொழிற்சாலையில் இந்த எளிய நிபந்தனை பெரும் சிக்கலாகிவிடுகிறது. ஏனெனில் மின்னோட்டத்தைத் திரட்டித் தரும் வெள்ளிக் கோடுகள் கலத்தின்மேல் அச்சாவது, அதன் மின்பண்புகளைத் தீர்மானிக்கும் வேலைகள் ஏறக்குறைய அனைத்தும் முடிந்த பின்னர்தான். அதுவரை அது கம்பி தொட இடமில்லாத, ஏறத்தாழ 150 மைக்ரான் தடிமனே கொண்ட வெறும் தகடு. ஆயினும், இத்தகடு கலமாகி முடிந்தால் 0.72 வோல்ட் வரை எட்டும் என்றோ, 0.70 வோல்ட்டைத் தாண்டாது என்றோ உற்பத்தி வரிசையின் நடுவிலேயே சொல்லிவிட முடிகிறது. முனையே இல்லாத பொருளின் மின்னழுத்தம் எவ்வாறு அறியப்படுகிறது, அவ்வாறு அறிந்த எண்ணை எந்த அடிப்படையில் நம்பலாம் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை, மின்னழுத்தம் என்பது கம்பிகளில் இல்லை, தகட்டுக்குள் இருக்கிறது என்ற உண்மையில் அடங்கியிருக்கிறது.

இந்த அளவீட்டின் தேவை உற்பத்தியின் வேகத்திலிருந்து எழுகிறது. வேஃபர் எனப்படும் சிலிக்கான் தகடு முதலில் காரக் கரைசலில் அரிக்கப்பட்டு, ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உள்வாங்கும் வகையில் சில மைக்ரான் உயரமுள்ள கூம்புகளால் நிறைந்த சொரசொரப்பான பரப்பைப் பெறுகிறது. பின்னர் 800 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட உலையில் பாஸ்பரஸ் அல்லது போரான் அணுக்கள் அதன் மேற்பரப்பில் ஊட்டப்படுகின்றன. பிறகு ஓரங்களும் பின்புறமும் சுத்தம் செய்யப்பட்டு, அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கான் நைட்ரைடு போன்ற மெல்லிய படலங்கள் படிய வைக்கப்படுகின்றன. சூரிய மின்கலத்துக்கு அதன் கருநீல நிறத்தைத் தருவது ஏறத்தாழ 75 நானோமீட்டர் தடிமனுள்ள இந்த நைட்ரைடு படலமே. இவற்றுக்குப் பிறகே வெள்ளிப் பசை திரைவழி அச்சிடப்பட்டு, 700 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சுடப்படுகிறது. நொடிக்கு ஒரு தகடு என்ற வேகத்தில் ஓடும் வரிசையில் ஒரு மணி நேரத்தில் 3,600 தகடுகள் கடந்து போகும். உலையின் குழாயொன்றில் சிறிதளவு இரும்பு மாசு கலந்துவிட்டதை இறுதிச் சோதனையில்தான் கண்டுபிடிக்க முடியும் என்றால், அதற்குள் பல ஆயிரம் தகடுகள் கெட்டுப் போயிருக்கும். திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டானில் 2024இல் மின்கல உற்பத்தி தொடங்கிய பிறகு, இது தமிழ்நாட்டுத் தொழிற்சாலையொன்றின் அன்றாடக் கவலையாகவும் ஆகியிருக்கிறது.

தகட்டுக்குள் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும். சிலிக்கான் ஒரு குறைகடத்தி. அதன் எலெக்ட்ரான்கள் அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகளில் கட்டுண்டு கிடக்கின்றன. 1.12 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறையாத ஆற்றலுள்ள ஒளித்துகள் ஒன்று உள்ளே வந்து உட்கவரப்பட்டால், ஓர் எலெக்ட்ரான் பிணைப்பிலிருந்து விடுபட்டுத் திரியத் தொடங்குகிறது. அது விட்டுச் சென்ற வெற்றிடமும் நேர்மின்னூட்டம் கொண்ட ஒரு துகளைப்போல இடம்பெயர்கிறது. இந்த வெற்றிடத்துக்குத் துளை என்று பெயர். எலெக்ட்ரான், துளை இரண்டையும் சேர்த்து மின்னூட்ட ஊர்திகள் என்பர். விடுபட்ட எலெக்ட்ரான் என்றேனும் ஒரு துளையைச் சந்தித்து அதில் விழுந்தே தீரும். மறுஇணைவு எனப்படும் இந்நிகழ்வில் ஒளி தந்த ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாகக் கரைந்துபோகிறது. பிறப்புக்கும் மறுஇணைவுக்கும் இடைப்பட்ட சராசரிக் காலமே ஊர்தியின் ஆயுள். மோசமான தகட்டில் அது சில மைக்ரோ நொடிகள், நல்ல தகட்டில் சில மில்லி நொடிகள்.

ஓட்டைகள் உள்ள தொட்டி ஒன்றில் குழாயைத் திறந்துவிட்டால் என்ன நிகழும் என்பதை நினைத்தால் இந்த நிலை தெளிவாகும். நீர்மட்டம் உயர உயர ஓட்டைகளின் வழியே வெளியேறும் நீரின் அளவும் கூடும். உள்ளே விழுவதும் வெளியே ஒழுகுவதும் சமமாகும் உயரத்தில் மட்டம் நிலைத்து நிற்கும். குழாய் என்பது ஒளி, ஓட்டைகள் என்பவை மறுஇணைவின் வழிகள், நிலைத்த நீர்மட்டம் என்பது தகட்டில் தேங்கியிருக்கும் மிகை ஊர்திகளின் அளவு. இருளில் இருக்க வேண்டிய அளவைக் காட்டிலும் எலெக்ட்ரான்களும் துளைகளும் எவ்வளவு மிகுந்திருக்கின்றன என்பதையே, முனைகள் பொருத்தப்பட்ட பிறகு வோல்ட் மீட்டர் மின்னழுத்தமாகக் காட்டுகிறது. ஆகவே முனைகள் மின்னழுத்தத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பதை வெளியே தெரிவிக்கின்றன, அவ்வளவே. மிகை ஊர்திகளின் எண்ணிக்கையை வேறு வழியில் அறிந்துவிட்டால், முனைகளின்றியே மின்னழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறு கணக்கிடப்படும் மதிப்பை உள்ளுறை மின்னழுத்தம் என்று கூறலாம்.

இந்த மிகை எவ்வளவு சிறியது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நண்பகல் வெயிலின் அளவான ஒளி படும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டில் நொடிக்கு ஏறத்தாழ 2,400 கோடி கோடி எலெக்ட்ரான்–துளை இணைகள் பிறக்கின்றன. ஊர்தியின் ஆயுள் 1 மில்லி நொடி என்றால், அவற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கே எந்த நேரத்திலும் உயிரோடிருக்கும். தகட்டிலுள்ள சிலிக்கான் அணுக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ 30 லட்சம் அணுக்களுக்கு ஓர் இணை என்ற கணக்காகிறது. முப்பது லட்சத்தில் ஒன்றான இந்த உபரிதான் வீட்டுக் கூரையிலிருந்து மின்கம்பிக்குச் செல்லும் ஆற்றல் முழுவதற்கும் மூலம்; தொழிற்சாலையின் கருவிகள் ஒரு நொடிக்குள் எண்ணிப் பார்க்க வேண்டியதும் இதையே.

ஓட்டைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சிலவற்றை அடைக்கவே முடியாது: எலெக்ட்ரானும் துளையும் சேர்ந்து ஒளியை உமிழ்வதும், சேரும்போது விடுபடும் ஆற்றலை மூன்றாவது ஊர்தி ஒன்று பெற்றுக்கொள்வதும் சிலிக்கானின் இயல்பிலேயே உள்ளவை. பின்னது, பிரெஞ்சு இயற்பியலர் பியர் ஓஷேயின் பெயரால் ஓஷே மறுஇணைவு எனப்படுகிறது. சிலிக்கான் மின்கலத்தின் திறன் எக்காலத்திலும் 29.4 விழுக்காட்டைத் தாண்ட முடியாது என்று ஃபிரைபர்க் நகரிலுள்ள ஃபிரௌன்ஹோஃபர் சூரிய ஆற்றல் ஆய்வு நிறுவனத்தார் 2013இல் கணக்கிட்டுக் காட்டியது முதன்மையாக இந்த ஓஷே மறுஇணைவை வைத்தே. மற்ற ஓட்டைகள் மனித முயற்சிக்கு உட்பட்டவை: படிகத்தில் சிக்கிய இரும்பு போன்ற உலோக அணுக்கள், படிகத்தின் ஒழுங்கு குலைந்த இடங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, அணுக்களின் பிணைப்புகள் பாதியில் அறுந்து நிற்கும் மேற்பரப்பு. மேலே சொன்ன ஆக்சைடு, நைட்ரைடு படலங்கள் ஒளியை உள்ளே அனுப்புவதோடு இந்த அறுந்த பிணைப்புகளை நிறைவுசெய்து மேற்பரப்பை அமைதிப்படுத்தவும் செய்கின்றன. 1954இல் பெல் ஆய்வகம் உலகுக்குக் காட்டிய சிலிக்கான் மின்கலத்தின் திறன் 6 விழுக்காடு. இன்று தொழிற்சாலையில் 25 விழுக்காடு அளவில் கலங்கள் வெளிவருகின்றன. இந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு ஓட்டைகளைத் தேடித்தேடி அடைத்த வரலாறே. தேடுவதற்கு அளவீடு முன்செல்ல வேண்டியிருந்தது.

மிகை ஊர்திகளை எண்ணும் முதல் வழி தகட்டின் மின்கடத்துமையைக் கவனிப்பது. ஊர்திகள் கூடினால் தகடு மின்சாரத்தை மேலும் எளிதாகக் கடத்தும். ஒளியால் விளையும் இந்தக் கூடுதலுக்கு ஒளிக்கடத்துமை என்று பெயர். கடத்துமையை அளக்கவும் கம்பி தேவையில்லை. தகட்டின் அடியில் ஒரு கம்பிச்சுருளை வைத்து அதில் ரேடியோ அதிர்வெண்ணில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், சுருளின் காந்தப்புலம் தகட்டுக்குள் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. தகடு எவ்வளவு நன்றாகக் கடத்துகிறதோ அவ்வளவு ஆற்றலைச் சுருளிடமிருந்து பெறுகிறது. சுருளின் சுற்றில் தோன்றும் இந்த மாற்றத்தைப் படித்தால் கடத்துமை தெரியும், அதிலிருந்து ஊர்திகளின் எண்ணிக்கை தெரியும்.

தொடக்க காலத்தில் இந்தச் சுருள் ஊர்திகளின் ஆயுளை அறியவே பெரிதும் பயன்பட்டது. ஒளியைச் சட்டென்று நிறுத்திவிட்டுக் கடத்துமை எவ்வளவு விரைவாகச் சரிகிறது என்று பார்ப்பதுதான் அன்றைய முறை. குழாயை மூடிவிட்டுத் தொட்டியின் மட்டம் இறங்கும் வேகத்திலிருந்து ஓட்டையின் அளவை அறிவதைப் போன்றது அது. ஆயுள் சில மைக்ரோ நொடிகளே என்றால், ஒளி அதைக் காட்டிலும் விரைவாக அணைய வேண்டும், மின்சுற்றும் அதைக் காட்டிலும் விரைவாகப் பதிவுசெய்ய வேண்டும். கொலராடோவைச் சேர்ந்த ரொனால்ட் சின்டனும், கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்திரேஸ் குவேவாசும் 1996இல் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலைத் தலைகீழாக்கியது. குழாயை மூடவே வேண்டாம். எவ்வளவு நீர் விழுகிறது, மட்டம் எங்கே நிற்கிறது என்ற இரண்டையும் அளந்தால் ஓட்டையின் அளவு தானே வெளிப்படும் என்பதே அவர்களது அணுகுமுறையின் சாரம். சில மில்லி நொடிகளில் மெல்ல மங்கும் ஃபிளாஷ் விளக்கொன்று தகட்டின்மேல் ஒளிர்கிறது. ஊர்திகளின் ஆயுள் அந்த மங்கலைவிட மிகக் குறுகியதாக இருப்பதால், ஒவ்வொரு கணத்திலும் மட்டம் குழாயின் ஓட்டத்தோடு ஒத்து நிற்கிறது. பக்கத்தில் வைத்த ஓர் ஒளியுணரி விழும் ஒளியை அளக்கிறது, அடியிலுள்ள சுருள் தேங்கிய ஊர்திகளை அளக்கிறது. ஏறத்தாழ நிலைத்த நிலையில் நடக்கும் இந்த அளவீட்டைச் சீரொத்த ஒளிக்கடத்துமை முறை எனலாம். மில்லி நொடிகள் வாழும் ஊர்திகளைக் கொண்ட மிக நல்ல தகடுகளில் மட்டம் ஒளியோடு ஒத்து நிற்காமல் பின்தங்கும். அந்தப் பின்தங்கலையும் கணக்கில் சேர்க்கும் வழி 1999இல் வகுக்கப்பட்டது.

இம்முறையின் மிகப் பெரிய பலன் வேறொன்று. விளக்கு மங்கும்போது ஒளி பல வெயில்களின் அளவிலிருந்து ஒரு வெயிலின் சிறு பகுதி வரை இறங்குகிறது. ஒவ்வொரு அளவுக்கும் ஓர் உள்ளுறை மின்னழுத்தம் கிடைப்பதால், விளக்கின் ஒரே ஒரு வீச்சிலேயே ஒளிக்கும் மின்னழுத்தத்துக்குமான முழு வளைகோடு வரையப்பட்டுவிடுகிறது. கலத்திலிருந்து எவ்வளவு மின்னோட்டத்தை எடுத்தால் மின்னழுத்தம் எவ்வளவு இறங்கும் என்று காட்டும் வழக்கமான வளைகோட்டின் உடன்பிறப்பே இது. மின்னோட்டம் எங்கும் பாயாததால் தடையால் விளையும் இழப்பு மட்டும் இதில் இராது. 1996ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே, தொடாமல் மின்னோட்ட–மின்னழுத்தப் பண்புகளை அறிவது என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. முனைகளே இல்லாத தகட்டுக்கு இத்தகைய வளைகோட்டைப் பெற்றுத் தந்ததுதான் அந்தப் பணியின் உண்மையான துணிவு.

இங்கே நம்பகத்தன்மையைப் பற்றிய கேள்வி எழ வேண்டும். சுருள் காட்டும் எண் சரி என்று எவ்வாறு தெரியும்? கடத்துமை ஏற்கெனவே தெரிந்த தகடுகளைச் சுருளின்மேல் வைத்து அது முன்கூட்டியே அளவுபடுத்தப்படுகிறது. அந்தத் தகடுகளின் கடத்துமை நான்முனை முறையால் அறியப்பட்டது: ஒரே கோட்டில் நிற்கும் நான்கு ஊசிகளை மேற்பரப்பில் அழுத்தி, வெளி ஊசிகள் இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உள் ஊசிகள் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தைப் படிப்பது அந்த முறை. இரண்டே ஊசிகளைப் பயன்படுத்தினால், ஊசியும் சிலிக்கானும் தொடும் புள்ளியிலுள்ள தடையும் சேர்ந்து அளக்கப்பட்டுவிடும். உள் ஊசிகளின் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய பாயாததால் அவற்றின் தொடுதடை கணக்கில் புகுவதில்லை. நிலத்தின் மின்தடையை அளக்க 1915இல் ஃபிராங்க் வென்னர் வகுத்த இந்த ஏற்பாட்டை 1954இல் குறைகடத்திகளுக்கு ஏற்றபடி வால்டெஸ் விரித்துரைத்தார். பாஸ்பரஸ் அல்லது போரான் ஊட்டப்பட்ட உடனே அந்த மேற்படலத்தின் தடையைச் சோதிக்கத் தொழிற்சாலைகள் இன்றும் கையாள்வது இதையே. சுருளின் எண்ணை ஊசிகளின் எண் தாங்குகிறது. ஒளியுணரியின் எண்ணை அளவுபடுத்தப்பட்ட மற்றொரு கலம் தாங்குகிறது. ஊர்திகள் மின்புலத்தில் எவ்வளவு வேகமாக நகரும் என்ற எண்ணைப் பல பத்தாண்டுகளின் தனித்தனிச் சோதனைகள் தாங்குகின்றன.

இந்த எண்கள் ஒவ்வொன்றிலும் சிறு பிழைகள் எஞ்சவே செய்யும். ஆனால் மின்னழுத்தம் ஊர்திகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பது அளப்பவருக்கு வாய்த்த நல்லூழ். எலெக்ட்ரான்களின் அடர்த்தியையும் துளைகளின் அடர்த்தியையும் பெருக்கினால் வரும் பெருக்கற்பலன் பத்து மடங்கு உயர்ந்தால், 25 டிகிரி செல்சியசில் மின்னழுத்தம் கூடுவது ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மட்டுமே. மடக்கை விகிதம் எனப்படும் இந்த உறவின் காரணமாக, எண்ணிக்கையில் பத்து விழுக்காடு பிழை இருந்தாலும் மின்னழுத்தத்தில் அது ஒரு சில மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. ஊர்தியின் ஆயுளைத் துல்லியமாகச் சொல்வது கடினம், உள்ளுறை மின்னழுத்தத்தைத் துல்லியமாகச் சொல்வது எளிது என்ற நிலை இவ்வாறு உருவாகிறது. பொறியாளர்கள் ஆயுளைவிட உள்ளுறை மின்னழுத்தத்தையே அதிகம் பேசுவது வெறும் வழக்கமன்று; அது நியாயமான தேர்வு.

ஆயினும் சுருளுக்கு ஒரு பெரும் குறை உண்டு. அது தன்மேல் உள்ள பரப்பின் சராசரியை மட்டுமே அறியும். குறை தகட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பியது சிலிக்கானின் மெல்லொளி. எலெக்ட்ரானும் துளையும் மறுஇணையும்போது சில வேளைகளில் வெப்பத்துக்குப் பதிலாக ஓர் ஒளித்துகள் பிறக்கிறது. சிலிக்கானில் இது அரிது. ஏனெனில் ஆற்றலோடு உந்தத்தையும் இழக்க வேண்டிய எலெக்ட்ரானுக்குப் படிகத்தின் அதிர்வு ஒன்றும் அதே கணத்தில் துணைநின்றாக வேண்டும். நல்ல தகட்டிலும் நூற்றில் ஒரு சில மறுஇணைவுகளே ஒளியாகின்றன. அந்த ஒளியும் 1,150 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு. மனிதக் கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் அது கேமராவுக்குப் புலப்படும். முடிந்த கலத்தில் வெளியிலிருந்து மின்னோட்டத்தைச் செலுத்தி அதை ஒளிரவைத்துப் படமெடுக்கும் முறையை ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த தகாஷி ஃபுயுகியும் குழுவினரும் 2005இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே, சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் ட்ருப்கேயும் ராபர்ட் பார்டோசும் அவர்களது குழுவினரும் மின்னோட்டத்துக்குப் பதிலாக லேசர் ஒளியையே தகடு முழுவதும் பரப்பி, முனைகளில்லாத வெறும் தகட்டை ஒளிரச் செய்து படமெடுத்துக் காட்டினர். தூண்டும் லேசர் ஒளி திரும்பித் தெறித்துக் கேமராவில் புகுந்தால் மெல்லொளி அதில் மூழ்கிப்போகும் என்பதால், லேசரை முற்றிலும் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் வடிகட்டிகளில்தான் இந்தக் கருவியின் வெற்றி தங்கியிருக்கிறது.

ஒளிர்வுப் படம் எனப்படும் இந்தப் படத்தைப் பார்ப்பது கண்ணுக்குக் குற்றமற்றதாகத் தோன்றும் தகட்டின் வரலாற்றைப் படிப்பதாகும். ஊர்திகள் நீண்டு வாழும் இடங்கள் வெளிறியும், விரைவில் மடியும் இடங்கள் கறுத்தும் தெரிகின்றன. தகட்டைத் தூக்கிய உறிஞ்சுக் கிண்ணம் வட்டமாகத் தன் தடத்தை விட்டிருக்கும். நகர்பட்டை உரசிய இடம் இணையான இரு கருங்கோடுகளாக ஓடும். இடுக்கியின் நுனி கீறிய இடம் சிறு கரும்புள்ளியாக நிற்கும். படிக உருளை வளர்ந்தபோது ஆக்சிஜன் திரண்ட இடங்கள் ஒரே மையத்தைச் சூழ்ந்த கரு வளையங்களாகக் காட்சி தருகின்றன. வார்ப்புக் கொப்பரையின் சுவரை ஒட்டி உறைந்த சிலிக்கானில், சுவரிலிருந்து ஊறிய மாசினால் ஓரம் முழுவதும் ஒரு கறுப்புப் பட்டையாக இருக்கும். வட்டமா, கோடா, வளையமா, பட்டையா என்று தெரிந்த உடனேயே எந்த இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. சராசரி எண் ஒருபோதும் தராத தகவல் இது. அளவீட்டு முறைகளில் தொழிற்சாலைக்கு மிகுந்த நன்மை செய்தது எது என்று கேட்டால் ஒளிர்வுப் படத்தையே சுட்ட வேண்டும்.

இரண்டு முறைகளும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன என்பது இன்னும் முக்கியமானது. கடத்துமை, எலெக்ட்ரான்களும் துளைகளும் தனித்தனியே நகர்வதன் கூட்டுத்தொகை. ஒளிர்வோ, இரண்டும் சந்தித்தாலன்றி நிகழாததால், அவற்றின் பெருக்கற்பலன். சில தகடுகளில், குறைந்த ஒளியின்போது, சுருள் காட்டும் ஆயுள் நம்ப முடியாத உயரத்துக்கு ஏறுகிறது. ஒரு வகை ஊர்தி படிகக் குறைகளில் தற்காலிகமாகச் சிக்கிக்கொள்ள, அதன் மின்னூட்டத்தை ஈடுசெய்யும் எதிர் ஊர்தி மட்டும் சுதந்திரமாகத் திரிந்து கடத்துமையைக் கூட்டுவதே இதற்குக் காரணம். மின்னழுத்தத்துக்கு அதனால் பயன் எதுவும் இல்லை. சிக்கிய ஊர்தி ஒளி உமிழ்வதில் பங்கேற்காததால் ஒளிர்வு இந்த மாயத்துக்கு ஆட்படுவதில்லை. வெவ்வேறு இயற்பியலில் ஊன்றிய இரண்டு அளவீடுகள் ஒத்துப்போகும் பகுதியை நம்பலாம், பிரியும் பகுதியில் பிரிவின் காரணத்தைத் தேட வேண்டும் என்ற ஒழுங்கு இவ்வாறே இந்தத் துறையில் நிலைபெற்றது.

இத்தகைய தேடல் எவ்வளவு நுட்பமாகச் செல்ல முடியும் என்பதற்கு இரும்பு நல்ல சான்று. போரான் ஊட்டப்பட்ட சிலிக்கானில் கலந்த இரும்பு அணு, இருளில் போரான் அணுவோடு இணைந்து நிற்கிறது. வலுவான ஒளி பட்டால் அந்த இணை பிரிகிறது, ஒளி நீங்கினால் மீண்டும் மெல்லச் சேர்கிறது. இணைந்த இரும்பும் பிரிந்த இரும்பும் ஊர்திகளை வெவ்வேறு வேகத்தில் மறுஇணைப்பதால், ஒளியூட்டுவதற்கு முன்னும் பின்னும் ஆயுளை அளந்து வேறுபாட்டைக் கணக்கிட்டால் இரும்பின் அளவு தெரிந்துவிடும். ஒரு லட்சம் கோடி சிலிக்கான் அணுக்களுக்கு ஓர் இரும்பு அணு என்ற அளவுகூட இதில் அகப்படும். வழக்கமான வேதியியல் பகுப்பாய்வுகளுக்கு எட்டாத இந்த நுண்மையை எட்டுவது ஒரு விளக்கும் ஒரு கம்பிச்சுருளும்தான்.

இனி முனைகள் வருகின்றன. வெள்ளிப் பசை சுடப்படும்போது நைட்ரைடு படலத்தை அரித்துக்கொண்டு சிலிக்கானைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் அமைதிப்படுத்தப்பட்ட மேற்பரப்பு அழிந்து புதிய ஓட்டைகள் திறக்கின்றன. ஆகவே முடிந்த கலத்தின் மின்னழுத்தம் உள்ளுறை மின்னழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, உள்ளுறை மதிப்பு 735 மில்லிவோல்ட்டாகவும் இறுதி மதிப்பு 720 மில்லிவோல்ட்டாகவும் இருந்தால், இடையிலுள்ள 15 மில்லிவோல்ட் உலோகத் தொடுகையின் விலை; சிலிக்கானையோ படலத்தையோ அதற்காகக் குறைசொல்ல இயலாது. 2000இல் சின்டனும் குவேவாசும் முன்வைத்த மற்றொரு சோதனை இந்தப் பகுப்பை மேலும் நீட்டுகிறது. மின்னோட்டத்தை எடுக்காமல், மங்கிவரும் ஒளியின் கீழ்க் கலத்தின் மின்னழுத்தத்தை மட்டும் முனைகளில் படித்தால், தடையில்லாத ஒரு கலத்தின் வளைகோடு கிடைக்கும்; மின்னோட்டத்தை எடுத்து வரைந்த உண்மையான வளைகோட்டோடு அதை ஒப்பிட்டால், கம்பிகளிலும் தொடுகைகளிலும் வெப்பமாக வீணாகும் பங்கு தனியே பிரிந்து வரும். இழப்பு எங்கே நேர்ந்தது என்பதை இவ்வாறு படிப்படியாகக் கண்டுபிடிக்க முடிவதால்தான், பசையை மாற்றுவதா, உலையின் வெப்பத்தை மாற்றுவதா, தகடு வாங்கும் இடத்தை மாற்றுவதா என்ற முடிவு ஊகத்தை நம்பி எடுக்கப்படுவதில்லை.

இறுதிச் சோதனை உலகெங்கும் ஒரே நிபந்தனையில் நடக்கிறது: சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, வரையறுக்கப்பட்ட நிறமாலை, 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை. ஒரு டிகிரி கூடினால் கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் சரியும் என்பதால் வெப்பநிலைக்கு இவ்வளவு கண்டிப்பு. 182 மில்லிமீட்டர் பக்கமுள்ள இன்றைய கலமொன்றில் 13 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்கிறது. அளக்கும் தொடுகையில் ஆயிரத்தில் ஓர் ஓம் தடை இருந்தாலே 13 மில்லிவோல்ட், அதாவது ஏறத்தாழ 2 விழுக்காடு, பொய்யாகக் குறைந்து தெரியும். நான்முனை முறையே இங்கும் துணைநிற்கிறது: மின்னோட்டத்துக்குத் தனி ஊசிகள், மின்னழுத்தத்துக்குத் தனி ஊசிகள். இதில் பெறும் எண்களைக் கொண்டே கலங்கள் வகைபிரிக்கப்படுகின்றன. தொடரிணைப்பில் கோக்கப்படும் கலங்களில் குறைந்த மின்னோட்டம் தருவது மற்றவற்றையும் தன்னளவுக்கு இழுத்துவிடும் என்பதால் ஒத்த கலங்களே ஒரே பேனலில் சேர்கின்றன.

கலங்களின் தரம் உயர்ந்ததே இந்தச் சோதனைக்கு ஒரு புதிய இடர்ப்பாட்டைக் கொண்டுவந்தது. கலம் சூடேறாதிருக்க ஒளி ஒரு நொடியின் சிறு பகுதிக்கே பாய்ச்சப்படுகிறது. அதற்குள் மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து உச்சம் வரை ஏற்றி வளைகோட்டை வரைய வேண்டும். ஊர்திகள் நீண்டு வாழும் கலம் ஓட்டை குறைந்த தொட்டி ஆகையால், மின்னழுத்தம் ஏற ஏற அதை நிரப்ப ஏராளமான ஊர்திகள் தேவைப்படுகின்றன. அவை வெளியே செல்லும் மின்னோட்டத்திலிருந்தே கழிக்கப்படுவதால், ஏறும் திசையில் அளந்தால் திறன் குறைவாகவும், தேங்கியவை வெளியேறும் இறங்கு திசையில் அளந்தால் மிகையாகவும் தெரிகிறது. கலம் எவ்வளவு சிறந்ததோ இந்த வேறுபாடு அவ்வளவு பெரிது. இரு திசைகளிலும் அளந்து ஒப்பிடுவது, எல்இடி விளக்குகளால் ஒளியை நீட்டிப்பது, தேங்கும் அளவு மாறாதபடி மின்னழுத்தத்தைத் திருத்திக்கொண்டே அளப்பது ஆகியவை இன்றைய தீர்வுகள்.

தொடாமல் அளக்கும் முறைகள், முனைகள் பொருத்திய பிறகும் கைவிட முடியாதவையாக இருக்கும் ஓர் இடமும் இப்போது உருவாகியிருக்கிறது. சிலிக்கான் கலத்தின்மேல் பெரோவ்ஸ்கைட் எனப்படும் மற்றொரு குறைகடத்தியின் மெல்லிய படலத்தை வளர்த்து, நீலமும் பச்சையுமான ஒளியை மேல்படலமும் சிவப்புக்கு அப்பாற்பட்டதைச் சிலிக்கானும் பகிர்ந்துகொள்ளச் செய்யும் இரட்டைக் கலங்களின் ஆய்வகச் சாதனை 2024இல் 34 விழுக்காட்டைத் தாண்டியது. தனிச் சிலிக்கானின் 29.4 என்ற எல்லை இதைக் கட்டுப்படுத்துவதில்லை. இந்தக் கலத்துக்கு மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை என இரண்டே முனைகள். வோல்ட் மீட்டர் காட்டுவது இரு படலங்களின் மின்னழுத்தத்தின் கூட்டுத்தொகை. அதில் எந்தப் படலத்தின் பங்கு எவ்வளவு, எது குறைபட்டது என்பதை எந்தக் கம்பியாலும் பிரித்தறிய இயலாது. ஆனால் பெரோவ்ஸ்கைட் 800 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளத்திலும் சிலிக்கான் 1,150 நானோமீட்டரை ஒட்டியும் ஒளிர்கின்றன. கேமராவின் முன் இரண்டு வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு படலத்தின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அவற்றிலிருந்து கணக்கிட்டுவிடலாம்.